அம்பு பட்ட மானும் அடுத்தவர் நிலமும்

நம் சங்கத்து மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கடைக்கு வந்து, “நயினார், வழக்கம்போல ஒரு கட்டுரை வேணும்” என்று கேட்டார்கள். “இந்தத் தடவை வேட்டையைப் பற்றி எழுதப் போகிறேன்” என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாய்ந்தால் சோறு தொடாத வீட்டில் பிறந்தவன், பாத்திரக் கடை வைத்துப் பிழைப்பவன், இவனுக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார்கள். நியாயம்தான்.

ஆனால் என் மனத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு கேள்வி கிடக்கிறது. ஒருவன் துரத்தி வந்த விலங்கு அடுத்தவர் நிலத்துக்குள் ஓடிவிட்டால் அவன் என்ன செய்ய வேண்டும்? அந்த நிலத்துக்காரர் என்ன பதில் சொல்ல வேண்டும்? எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு, 1979இல் அகமதாபாத்துக்கு ரயில் ஏறியவன் நான். கடை மூடிய பிறகு படித்ததுதான் என் கல்வி. அறிஞர் பெருமக்கள் குறை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

கொல்லையில் புகுந்த முயல்

வந்தவாசி வட்டாரத்தில், பொன்னூர்மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்கள் ஊர். 1970ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. மல்லாட்டைக் கொல்லையில் தாத்தாவோடு காவலுக்கு இருந்தேன். மாலை நேரம். பக்கத்து நிலத்திலிருந்து ஒரு முயல் பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து எங்கள் செடிகளுக்குள் புகுந்தது. கொஞ்ச நேரத்தில் அதைத் துரத்திக்கொண்டு ஓர் இருளர் வந்தார். கையில் தடியும் வலையும். எங்கள் வரப்பு வந்ததும் காலில் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல நின்றுவிட்டார்.

“நயினாரே, என் மொசலு உங்க கொல்லையில பூந்துடுச்சி” என்றார்.

தாத்தா பதில் பேசவில்லை. அவர் மறுபடி கேட்டார். தாத்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வரப்பைத் தாண்டவே இல்லை. இருட்டும் வரை அங்கேயே நின்றிருந்தார். பிறகு வெறுங்கையோடு போய்விட்டார். காலையில் தேடிப் பார்த்தோம். முயல் வேலியோரம் செத்துக் கிடந்தது.

இதற்கு மேல் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், வரப்பில் நின்று கேட்கும் அந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று பார்ப்போம்.

தினைப்புனத்தில் ஒரு கேள்வி

பத்துப்பாட்டில் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகள். தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை அடுக்கிச் சொல்வதால் பள்ளிக்கூடத்திலேயே நமக்குத் தெரிந்த பாட்டு. பூக்களைப் பார்த்துவிட்டு நாம் நாய்களைப் பார்க்க மறந்துவிடுகிறோம். தினைப்புனம் காக்கும் பெண்கள் அருவியில் ஆடி, பூப் பறித்து, அசோக மர நிழலில் இருக்கிறார்கள். அப்போது வேட்டை நாய்கள் பாய்ந்து வருகின்றன. பெண்கள் பயந்து எழுந்து விலகுகிறார்கள். நாய்களுக்குப் பின்னால் தலைவன் வருகிறான்.

அவன் கையில் வில் இருக்கிறது. பக்கத்தில் நாய்கள் இருக்கின்றன. எதிரே இருப்பவர்கள் பயந்துபோன பெண்கள். அவன் விலங்கைத் தேடி நேரே புனத்துக்குள் இறங்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மென்மையாகப் பேசி, தான் தொலைத்த விலங்கைக் கண்டீர்களா என்று கேட்கிறான். அவர்கள் வாய் திறக்கவில்லை. அவன் கோபப்படவில்லை. தொலைந்ததைப் பற்றிச் சொல்லாவிட்டாலும் போகட்டும், என்னோடு ஒரு வார்த்தை பேசினாலும் குற்றமாகுமா என்று கெஞ்சுகிறான்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் வந்த புலவர்கள் துறைப் பெயரே வைத்துவிட்டார்கள். கெடுதி வினாதல் என்பார்கள். திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல், வழி வினாதல் என்று வரிசையாகத் துறைகள் வரும். தலைவன் கேட்கும் யானையும் மானும் காதலுக்கு ஒரு சாக்கு என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒரு சாக்கு செல்லுபடியாக வேண்டுமென்றால் அது ஊரில் நடக்கிற வழக்கமாக இருக்க வேண்டாமா? அடிபட்ட விலங்கைத் தேடி வருபவன் புனத்துக்காரரிடம் கேட்டு நிற்பது மலைநாட்டில் சாதாரண மரியாதையாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் அந்தச் சாக்கு எடுபட்டது என்பது என் எளிய கருத்து.

பதில் சொல்லாத முனிவர்

இதே கேள்வி மகாபாரதத்திலும் வருகிறது. ஆதிபர்வத்தில் பரீட்சித்து மன்னன் வேட்டைக்குப் போகிறான். அவன் அம்பு பட்ட மான் தப்பி ஓடுகிறது. பசியும் களைப்புமாகத் தேடி வந்தவன், சமீகர் என்ற முனிவரைக் கண்டு, நான் அடித்த மானைப் பார்த்தீரா என்று கேட்கிறான். அவர் மௌன விரதத்தில் இருக்கிறார், பதில் இல்லை. மன்னனுக்குக் கோபம் வந்தது. செத்த பாம்பு ஒன்றை வில் நுனியால் எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டுப் போனான். முனிவரின் மகன் சாபமிட்டான். ஏழு நாளில் தட்சகன் கடித்து மன்னன் மாண்டான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வி ஒன்றேதான். எதிரில் இருந்தவர்கள் பேசாமல் இருந்ததும் ஒன்றேதான். ஒருவன் அந்த மௌனத்தை மதித்தான். அவன் கதை திருமணத்தை நோக்கிப் போனது. இன்னொருவன் அதை அவமானமாக எடுத்துக்கொண்டான். அவன் கதை மரணத்தில் முடிந்தது. கேட்பது மட்டும் மரியாதை ஆகாது. பதில் வராதபோது எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் மரியாதை தெரியும்.

காளிதாசரின் சாகுந்தலமும் ஒரு வேட்டையில்தான் தொடங்குகிறது. துஷ்யந்தன் தேரில் மானைத் துரத்துகிறான். அம்பு விடப் போகும்போது தவசி ஒருவர் கையை உயர்த்தி, இது ஆசிரமத்து மான், கொல்லாதே என்கிறார். நாட்டுக்கே அரசன், ஆனாலும் மறு பேச்சில்லாமல் அம்பை எடுத்துவிடுகிறான். ஆசிரமத்துக்குள் போகுமுன் வில்லையும் ஆபரணங்களையும் கழற்றித் தேரோட்டியிடம் கொடுக்கிறான். அடுத்தவர் இடத்துக்குள் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி நாடகத்தில் நான் பார்த்ததில்லை.

மான் யாருடையது?

இனி சட்டத்துக்கு வருவோம். மனு நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில், வேறொரு விவகாரம் பேசும் இடத்தில், ஓர் உவமை வருகிறது. காட்டை வெட்டித் திருத்தியவனுக்கு வயல். முதலில் அம்பு எய்தவனுக்கு மான். அதாவது, அடிபட்ட மான் எங்கே போய் விழுந்தாலும் அடித்தவனுக்கே சொந்தம் என்பது பழைய எண்ணம்.

ரோமாபுரிச் சட்டம் வேறு மாதிரி. கி.பி. 533இல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி வெளியிட்ட சட்டப் பாடநூலில், காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமில்லை, பிடித்தவனுக்கே சொந்தம். அடிபட்டால் மட்டும் போதாது, கையில் பிடிபட வேண்டும் என்று இருக்கிறது. அதோடு இன்னொன்றும் சொல்கிறார்கள். வேட்டைக்காக ஒருவன் தன் நிலத்துக்குள் வருவதைக் கண்டால் நிலத்துக்காரன் அவனைத் தடுக்கலாம். விலங்கு மேல் உரிமை வேறு, நிலத்தில் கால் வைக்கும் உரிமை வேறு என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். என் மாதிரி வியாபாரிக்கு இது சுலபமாகப் புரியும். சரக்கு என்னுடையதாக இருக்கலாம். அதற்காக அடுத்தவர் கிடங்கின் பூட்டை நான் உடைக்க முடியாது.

முதல் அம்பு யாருடையது என்ற சண்டைக்கு நம் நாட்டில் பெரிய சாட்சி அர்ச்சுனன். தவம் செய்யும் இடத்தில் பன்றி வடிவில் வந்த மூகாசுரன் மேல் அவனும் அம்பு விட்டான். வேடனாக வந்த சிவபெருமானும் விட்டார். நான்தான் முதலில் குறி வைத்தேன் என்கிறார் வேடர். நீ செய்தது வேட்டைத் தர்மம் இல்லை என்கிறான் அர்ச்சுனன். வனபர்வத்தில் அந்தச் சொல்லே வருகிறது, மிருகயா தர்மம் என்று. கொலைத் தொழிலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று அக்காலத்தவர் நம்பினார்கள்.

இந்தக் கதையைக் கிராதார்ச்சுனீயம் என்று காவியமாகப் பாடியவர் பாரவி. அவருடைய பெயரும் காளிதாசர் பெயரும் ஒரே கல்வெட்டில் இருக்கின்றன. கர்நாடகத்து ஐஹொளெயில், கி.பி. 634இல் வெட்டப்பட்ட இரண்டாம் புலிகேசியின் கல்வெட்டு அது. அதைப் பாடிய இரவிகீர்த்தி, தன்னை அந்த இருவரோடும் ஒப்பிட்டுக்கொள்கிறார். கல்வெட்டு இருப்பது அவர் எடுப்பித்த ஜினாலயத்தின் சுவரில். வேட்டைக் காட்சி பாடிய இரண்டு கவிகளையும் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர் ஒரு சமணர்! வேட்டையைப் பற்றி நான் எழுதினால் என்ன தப்பு என்ற தைரியம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

அரசனும் தாண்டாத எல்லை

நம் குஜராத்திலேயே கிர்நார் மலையடிவாரத்தில் அசோகரின் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. நேமிநாதரைத் தரிசிக்கப் போகும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். நேமிநாதர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாண விருந்துக்காக அடைத்து வைத்திருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு, மணக்கோலத்திலேயே துறவு பூண்டவர். அசோகரின் எட்டாவது கல்வெட்டு, முன்பு அரசர்கள் வேட்டை முதலிய உல்லாசப் பயணம் போவார்கள், தான் முடிசூடிப் பத்து ஆண்டு ஆனபின் தர்ம யாத்திரை போகத் தொடங்கியதாகச் சொல்கிறது. இருபத்தாறாம் ஆண்டில் வெட்டிய ஐந்தாம் தூண் கல்வெட்டில், கொல்லக் கூடாத உயிர்களைப் பட்டியலே போடுகிறார்.

இவை அரசன் தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி. குடிகள் அரசனுக்குப் போட்ட வேலியும் உண்டு. மார்வாரில் பிஷ்னோய் மக்கள் 1485 முதல் ஜம்பேஸ்வரர் வகுத்த இருபத்தொன்பது விதிகளின்படி வாழ்பவர்கள். பச்சை மரம் வெட்டுவதும் உயிர் கொல்வதும் அவர்களுக்குக் கூடாது. 1730இல் ஜோத்பூர் அரண்மனை வேலைக்காகக் கேஜர்லி ஊரில் வன்னி மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, மரத்தைக் கட்டிப்பிடித்து அமிர்தாதேவி முதலாக 363 பேர் உயிர்விட்டதாகச் சொல்கிறார்கள். அதன்பிறகு அபய்சிங் மகாராஜா பிஷ்னோய் ஊர் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்து ஆணையிட்டார் என்பது அவர்கள் மரபு. நாடே தன்னுடையது என்ற அரசன், ஓர் ஊரின் ‘கூடாது’ என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டான்.

கேட்காமல் சுட்டதன் விலை

துப்பாக்கி வந்த பிறகு இந்த மரியாதை தேய்ந்தது. நீலகிரியில் 1877இல் வெள்ளைக்காரர்கள் வேட்டைச் சங்கம் வைத்தார்கள். 1879இல் சென்னை அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. விலங்குகள் அழியாமல் இருக்க அது உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அனுமதி தருகிறவர் மாறிவிட்டார். அதுவரை பக்கத்து நிலத்துக்காரரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் கேட்டார்கள். இனி சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கினால் போதும் என்றானது. காகிதம் கையில் இருந்தால் வரப்பில் நின்று கேட்கத் தோன்றுமா?

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்தில் ஒரு சம்பவம் நடந்தது. 1906 ஜூன் 13ஆம் தேதி தின்ஷவாய் என்ற கிராமத்துக்கு ஆங்கிலப் பட்டாள அதிகாரிகள் சிலர் புறா சுடப் போனார்கள். அவை காட்டுப் புறாக்கள் அல்ல. ஊரார் கூடு கட்டி, பிழைப்புக்காக வளர்த்தவை. வளர்த்தவர்களின் சம்மதம் இல்லாமல் சுட்டார்கள். கைகலப்பில் துப்பாக்கி வெடித்து ஊர்ப் பெண் ஒருவர் காயம்பட்டார். தப்பி ஓடிய அதிகாரி ஒருவர் வெயில் தாக்கி இறந்தார். விசேஷ நீதிமன்றம் கூட்டி, ஜூன் 28ஆம் தேதி கிராமத்தார் நால்வரை அந்த ஊரிலேயே தூக்கிலிட்டார்கள். பலருக்குச் சிறையும் கசையடியும். பெர்னார்ட் ஷா இதைக் கண்டித்து எழுதினார். எகிப்தை ஆட்டிப்படைத்த குரோமர் பிரபு மறு ஆண்டே பதவி விலகினார். நாலு புறாவுக்காக ஒரு சாம்ராஜ்யத்தின் பெயர் கெட்டது. வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது.

உடன்படுதலும் வினையே

இதுவரை கேட்பவன் தர்மத்தைப் பார்த்தோம். கேட்கப்படுபவனுக்கும் ஒரு தர்மம் இருக்கிறது. எங்கள் தாத்தா ஏன் பேசாமல் இருந்தார் என்பதை அங்கேதான் தேட வேண்டும்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஒரு கணக்குச் சொல்கிறார். ஒரு தீவினை எண்ணம், ஆயத்தம், தொடக்கம் என்று மூன்று நிலையில் வரும். அது மனம், மொழி, மெய் மூன்றாலும் நடக்கும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்று மூன்று வகை. அதைத் தூண்டுவது கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற நான்கு. பெருக்கிப் பாருங்கள்: நூற்றெட்டு. ஜெபமாலையில் நூற்றெட்டு மணி இருப்பதற்கு இந்தக் கணக்கைத்தான் எங்கள் பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். ‘சரி, போய்ப் பிடித்துக்கொள்’ என்று தாத்தா சொல்லியிருந்தால், அந்த முயலின் உயிர் அவர் கணக்கிலும் ஏறியிருக்கும்.

வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பவர் இல்லையானால் விற்பவரும் இல்லை என்று வாங்குகிறவனையும் வினைக்குள் கொண்டுவருகிறார். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நீலகேசியிலும் இதே வாதம் பௌத்தரோடு நடக்கிறது. கொன்றவன் ஒருவன், தின்றவன் ஒருவன் என்று பிரித்துத் தப்பிக்க முடியாது என்பது நீலகேசியின் கட்சி.

தாத்தா அன்று சொல்லாமல் விட்டது

அன்று ராத்திரி தாத்தாவிடம் கேட்டேன், “வேணாம்னாச்சும் சொல்லியிருக்கலாமே தாத்தா?” என்று.

“வேணாம்னு சொன்னா அவன் புள்ளைங்க பட்டினி. சரின்னு சொன்னா என் கணக்குல ஒரு உயிரு. அதான்டா வாய மூடிக்கிட்டேன்” என்றார்.

மறுநாள் காலையில் இரண்டு படி அரிசியைத் துணியில் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த மனிதரின் குடிசைக்குப் போனார். அவர் அரிசியை வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நயினாரே, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நான் அப்பவே வேற பக்கம் போயிருப்பேன். வாய தொறப்பீங்க, வாய தொறப்பீங்கன்னு இருட்டுற வரைக்கும் நின்னுட்டேன். ராவைக்கு வீட்டுல ஒண்ணுமில்ல.”

தாத்தா தலை குனிந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி அவரைத் தாத்தா ஒருமையில்தான் பேசுவார். அன்றைக்கு அந்த ஒருமைகூட வாயில் வரவில்லை. சும்மா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

இத்தனை புத்தகம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். அன்று மிருகயா தர்மத்தைக் காப்பாற்றியவர் ஒரு சாண் நிலமில்லாத அந்த இருளர். எல்லையில் நின்றார், கேட்டார், மௌனத்தையும் மறுப்பாக எடுத்துக்கொண்டார். பரீட்சித்து மன்னனால் முடியாததை அவர் செய்தார். தவறியவர்கள் நாங்கள். தாத்தா முயலையும் காப்பாற்றவில்லை, மனிதரையும் காப்பாற்றவில்லை. தன் கணக்கை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். ‘கூடாது’ என்று வாய்விட்டுச் சொல்லி, அந்த அரிசியை அன்று மாலையே கொடுத்திருந்தால் கொல்லாமையும் நின்றிருக்கும், பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கும். தாத்தாவும் இதை உணர்ந்தார் என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் யாரையும் வரப்பில் காக்க வைத்ததில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்குச் சட்டப்படி கடுமையான கட்டுப்பாடு வந்தது. சமணனாக எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சட்டமும் எங்கள் தாத்தாவைப்போல முதலில் அரிசி கொண்டுவர மறந்துவிட்டது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது இருளர்கள் திண்டாடினார்கள். 1978இல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் தொழில் வந்தது. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். ‘கூடாது’ என்பதோடு ‘இதைச் செய்’ என்பதும் சேர்ந்து வந்தால் எவ்வளவு நல்லது பாருங்கள்.

இந்த ஊரில் உத்தராயணத்துக்குப் பட்டம் விடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அறுந்த பட்டம் யாருடையது என்ற சண்டை, அர்ச்சுனன் சண்டைக்குச் சளைத்ததல்ல. பக்கத்து வீட்டுப் பையன்கள் எங்கள் மொட்டை மாடிக்கு வரட்டுமா என்று கேட்பார்கள். நான் மௌனமாக இருப்பதில்லை. “பட்டத்தை எடுத்துக்கோ, ஆனால் கண்ணாடித் தூள் போட்ட நூலோட ஏறக் கூடாது, பறவை அடிபடும்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. கடையில் கடன் கேட்பவருக்கும் அப்படித்தான். இல்லை என்றால் உடனே இல்லை என்பேன். அவர் அடுத்த கடைக்குப் போகலாமே, வாசலில் எதற்கு நிற்க வேண்டும்?

கேட்பவர் எல்லையில் நின்று கேட்கட்டும். கேட்கப்பட்டவர் வாய் திறந்து பதில் சொல்லட்டும். வேற்று மாநிலத்தில், அடுத்தவர் மண்ணில் வந்து பிழைக்கும் நமக்கு இந்த இரண்டும் எப்போதும் நினைவில் இருக்க வேண்டும் என்று கூறி முடிக்கிறேன்.

அறம் வாழ்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!